கோல்ட் காலிங் ஏஜென்சி: காசு கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

முன்பின் தெரியாதவர்களுக்கு போன் போட்டு வாடிக்கையாளர் பிடித்துத் தரும் ஏஜென்சிகள் முதலில் நீட்டுவது அழைப்புகளின் எண்ணிக்கையைத்தான். அதை நம்பி ஒப்பந்தம் போடாதீர்கள். அது டயலரின் (எண்களைத் தானாக அழைக்கும் மென்பொருளின்) வேகம், அவ்வளவுதான். வாங்கும் முடிவை எடுக்கக்கூடியவர் லைனில் வந்து ஒரு நிமிடமாவது பேசியது எத்தனை முறை? அவர்களில் எத்தனை பேர் சொன்ன நேரத்துக்குச் சந்திப்புக்கு வந்தார்கள்? இந்த இரண்டையும் கேளுங்கள்.

பெரும்பாலும் காரியம் கெடுவது நம்பர் பட்டியலில். ஆட்கள் வேலை மாறியிருப்பார்கள். நேரடி எண் என்று கொடுத்தது வரவேற்பறை எண்ணாக இருக்கும். பட்டியலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக 50 எண்களை எடுத்து நீங்களே அடித்துப் பாருங்கள். தவறான எண்கள் குவிந்தால், பட்டியலைச் சுத்தம் செய்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது டயலர். பிரெடிக்டிவ் டயலர், இருக்கும் ஆட்களைவிட அதிக எண்களை ஒரே நேரத்தில் அழைக்கும். எடுத்தவர் 'ஹலோ' என்று சொல்லும்போது பேச ஆள் காலியாக இல்லையென்றால் மறுமுனையில் மௌனம். உடனே வைத்துவிடுவார். இதற்காகவே அமெரிக்க டெலிமார்க்கெட்டிங் விதி, எடுத்தவர் 'ஹலோ' சொல்லி முடித்த 2 நொடிக்குள் ஆள் வர வேண்டும், எடுக்கப்பட்ட அழைப்புகளில் அப்படி வராமல் போகிறவை 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. நிறுவனங்களுக்கு விற்பவர்களுக்கு ஒவ்வொரு எண்ணாக அடிக்கும் முறையே நல்லது. ஒரே எண்ணிலிருந்து சில நொடி அழைப்புகளாகப் பாய்ந்தால் அந்த எண்ணுக்கு 'ஸ்பேம்' முத்திரை விழும். அப்புறம் யாரும் எடுக்கவே மாட்டார்கள்.

பேசிய அழைப்புகளின் ரெக்கார்டிங்கைத் தர மறுக்கும் ஏஜென்சி வேண்டவே வேண்டாம். "மீட்டிங்ல இருக்கேன், மெயில் அனுப்புங்க" என்று ஒருவர் சொன்னதை அறிக்கையில் 'ஆர்வமுள்ள லீட்' (வாங்க வாய்ப்புள்ளவர்) என்று எழுதியிருப்பார்கள். அது மரியாதையாகக் கழற்றிவிட்டது. போனில் பேசும் தேர்ந்த ஆள் அந்த இடத்தில் சுருக்கமாக, "சரி சார், அனுப்பறேன். இப்போ இந்த வேலையை உங்களுக்கு யார் செஞ்சு தர்றாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதில் வந்தால் லீட், வராவிட்டால் விட்டுவிடுவார். பத்து ரெக்கார்டிங் கேட்டாலே ஆளின் தரம் தெரிந்துவிடும். ஸ்கிரிப்டை வரி பிசகாமல் வாசிப்பவரிடம் இந்தக் கேள்வியை எதிர்பார்க்க முடியாது.

கட்டணத்தில் மணிக்கணக்கு, சந்திப்புக் கணக்கு என்று இரண்டு வகை. சந்திப்புக்கு இவ்வளவு என்பது பாதுகாப்பாகத் தோன்றும்; ஆனால் எண்ணிக்கையைக் காட்ட யாரையாவது காலண்டரில் ஏற்றிவிடுவார்கள். தகுதியான சந்திப்பு எது என்று எழுத்தில் வாங்குங்கள்: எந்தப் பதவி, எந்த அளவு நிறுவனம், என்ன தேவை, வராதவருக்குக் கட்டணம் உண்டா என்பது உட்பட.

10 சந்திப்புக்கு 1 ஆர்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு ஆர்டரின் லாபம் பத்துக்கும் ஆகும் செலவையும் உங்கள் விற்பனையாளரின் நேரத்தையும் தாங்க வேண்டும். விலை குறைந்த பொருளுக்கு இது கட்டுப்படியாகாது. ஆண்டுக்கணக்கில் ஓடும் சர்வீஸ் ஒப்பந்தம், இயந்திரம், மென்பொருள் மாதிரியானவற்றுக்குத் தாராளமாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

முதலில் சிறிய சோதனை ஒப்பந்தம் போதும். "இனி கூப்பிடாதீங்க" என்று சொன்னவர்களின் பட்டியலை வாரந்தோறும் கேட்டு வாங்குங்கள். ஏஜென்சி மாறினாலும் அந்த எண்களுக்கு மறுபடி அழைப்பு போகக் கூடாது, போனால் கெடுவது உங்கள் பெயர்தான்.