கிரீம் நல்லது, குப்பிதான் ஆகாது

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி, நான் சென்ற ஆண்டு தை மாதத்திலிருந்து இரவில் பூசிவரும் முதுமைத் தடுப்புக் கிரீம் இப்போது தள்ளுபடியில் ஏறக்குறையப் பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா அக்கா என்று கேட்டாள். வேண்டாம் என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பதில் கிரீமுக்கும் நியாயம் செய்யவில்லை, 50 கிராமுக்கு நாலாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்கத் துணிகிறவர்களுக்கும் உதவாது என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் குறை இந்த விலையில் விற்கும் பல கிரீம்களுக்கும் பொதுவானது.

முதலில் அதன் நல்ல குணங்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவை உண்மையானவை. வேலூருக்கு வெயில் மட்டும்தான் உண்டு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். மார்கழியிலும் தையிலும் விடியற்காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்களுக்குத்தான் இங்குள்ள பனியும் வறட்சியும் தெரியும். கன்னம் இழுத்துப் பிடிக்கும், உதட்டோரம் வெள்ளை பூக்கும், கண்ணோரத்துக் கோடுகள் மற்ற மாதங்களைவிட ஆழமாகத் தெரியும். இந்தக் கிரீமைப் பூசத் தொடங்கிய சில நாட்களிலேயே அந்த இழுப்பு அடங்கியது. பிசுபிசுப்பு இல்லை, தலையணை உறையில் எண்ணெய்க் கறை படியவில்லை, வாசனையும் உறக்கத்தைக் கெடுக்காத அளவுக்கு மெல்லியது. இதுவரை நான் முகத்தில் பூசியவற்றுள் தொடுவதற்கு இதைப் போல இதமானது வேறொன்றில்லை என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அந்த உடனடிப் பலனுக்குக் காரணம் கிளிசரினும் சிலிக்கோனும்தான். கிளிசரின் நீரை ஈர்த்து மேல்தோலில் நிறுத்துகிறது. சிலிக்கோன் அந்த நீர் ஆவியாகாமல் மேலே ஒரு படலமாக நிற்கிறது. வறட்சியால் விழுந்த நுண்கோடுகள் தோல் சற்று உப்பியதும் மறைகின்றன, பூசுவதை நிறுத்தினால் திரும்பி வருகின்றன. இந்தப் பலனை இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண ஈரப்பசைக் கிரீமும் தரும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது, தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் என்ற சொல். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோலோடு பிழைப்பவர்களுக்கு இந்தப் பொருளைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, ஏனெனில் பதனிட்ட தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தான். பச்சைத்தோல் வந்ததும் நாம் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று அதைச் சுண்ணாம்பில் ஊறவைப்பது. அப்போது முடியும், அதோடு சேர்ந்து மேல்தோலும் கழன்றுபோகின்றன. அந்தக் கதவு நீங்கிய பிறகுதான் குரோமியமும், கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் உள்ள துவர்ப்புப் பொருட்களும் உள்ளே இறங்கிக் கொலாஜன் இழைகளைப் பிடிக்க முடிகிறது. நம் முகத்தில் அந்தக் கதவு மூடியே இருக்கிறது, மூடியிருக்க வேண்டியதும் கூட. எடை 500 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறு மேல்தோலைக் கடப்பது அரிது என்பது தோல்மருத்துவர்கள் கொள்ளும் உத்தேச எல்லை. கொலாஜனின் எடையோ ஏறக்குறைய 3 லட்சம். முகத்தில் பூசும் கொலாஜன் மேலேயே தங்கி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, காலையில் முகம் கழுவும்போது தண்ணீரோடு போய்விடும். இதை நன்றாக அறிந்தவர்களே அந்தச் சொல்லைப் பெட்டியின் நெற்றியில் ஒட்டி விற்பது எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் ரெட்டினால்தான் இதில் வேலை செய்யும் பொருள். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த அதன் எடை 286 டால்டன். கொழுப்பில் கரைவது, உள்ளே இறங்கக்கூடியது. தோலில் அது முதலில் ரெட்டினால்டிஹைடாகவும் பிறகு ரெட்டினாயிக் அமிலமாகவும் மாறி, புதிய கொலாஜனை உருவாக்கும்படி உயிரணுக்களைத் தூண்டுகிறது. ரெட்டினாயிக் அமிலத்தின் மருந்து வடிவமான டிரெட்டினாயின் 1971இல் அமெரிக்காவில் முகப்பருவுக்காக அனுமதி பெற்றது. அதைப் பூசியவர்களின் சுருக்கங்களும் மெலிவதைக் கண்ட மருத்துவர்கள் 1980களில் அதைத் தனியே ஆராய்ந்து உறுதி செய்தார்கள். எனவே ரெட்டினால் சேர்த்த கிரீமை வெறும் விளம்பரம் என்று ஒதுக்க முடியாது. அளவில் கூடியதை முதலில் எழுதும் பொருட்பட்டியலில் அது வாசனைப் பொருளுக்கும் பின்னால் வருவதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஒரு சதவீதத்துக்குக் குறைவானவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம் என்பது விதி. ரெட்டினால் கால் சதவீதம் இருந்தாலே வேலை செய்யும். ஆகவே அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. எத்தனை சதவீதம் என்று எங்குமே அச்சிடாததைத்தான் குறையாகச் சொல்வேன். இந்த ஓராண்டில் என் கண்ணோரக் கோடுகள் ஓரளவு மெலிந்திருக்கின்றன, கன்னமேட்டுக் கரும்புள்ளியும் மங்கியிருக்கிறது. அதே தையில்தான் பகலில் சன்ஸ்கிரீன் பூசவும் தொடங்கினேன் என்பதால் அந்தப் புகழ் முழுவதையும் கிரீமுக்குக் கொடுக்க முடியாது.

இப்போது குப்பிக்கு வருகிறேன். ரெட்டினாலுக்குப் பகை மூன்று: காற்று, ஒளி, வெப்பம். இந்தக் கிரீமை அடைத்திருப்பதோ அகன்ற வாயுள்ள கனத்த கண்ணாடிக் குப்பியில். ஒளி புகாத கண்ணாடிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் மூடியைத் திருகித் திறந்ததும் கிரீமின் மேற்பரப்பு முழுவதும் காற்றிலும் விளக்கொளியிலும் கிடக்கிறது. இரவுதோறும் விரலை விட்டு எடுக்க வேண்டும், அல்லது பெட்டியோடு வந்த, இரண்டாம் வாரத்திலேயே காணாமல் போகக்கூடிய குட்டிக் கரண்டியால் வழிக்க வேண்டும். குப்பியின் அடிப்பாகம் உள்ளே மேடாக எழும்பியிருப்பதால் 50 கிராம் கிரீம் நூறு கிராம் போலத் தோற்றம் தருகிறது. பெட்டியில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்கவும் என்று எழுதியிருக்கிறார்கள். கத்திரி வெயில் காலத்தில் வேலூரில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டி நிற்கும்போது, மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் படுக்கையறையில் குளிர்ந்த இடம் எங்கே இருக்கிறது? சித்திரை பிறந்ததும் குப்பியை இட்லி மாவுக்குப் பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன். அப்படியும் கடைசி மூன்றில் ஒரு பங்கு கிரீம் மஞ்சள் ஏறி, பழைய எண்ணெயின் காறல் வாடை அடிக்கத் தொடங்கியது. அடுத்து வாங்கிய குப்பியிலும் அதுவே நடந்தது. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டபோது, நிறமாற்றம் இயல்பானது, திறந்தபின் 12 மாதம் பயன்படுத்தலாம் என்று பதில் வந்தது. அந்த 12 மாதக் குறி, அதுவரை பூசினால் தீங்கில்லை என்பதற்கானது. உள்ளிருக்கும் ரெட்டினால் அதுவரை வீரியத்தோடு இருக்கும் என்ற உறுதியை அது தருவதில்லை. நான் பணம் கொடுத்தது தீங்கின்மைக்காக மட்டும் அல்லவே.

மருந்துக்கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிரெட்டினாயினை அலுமினிய டியூபில் அடைத்துத் தருகிறார்கள். அழுத்தினால் வேண்டிய அளவு மட்டும் வெளியே வரும், டியூப் அப்படியே நசுங்கி நிற்பதால் காற்று உள்ளே திரும்பாது. அந்தச் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை நாலாயிரத்தில் முடியவில்லை என்றால், கண்ணாடியின் கனத்தையும் பொன்னிற மூடியையும் காட்டிப் பணம் வாங்குகிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போகும் எங்களைப் போன்றவர்கள் காலையில் கிழக்கே போகிறோம், மாலையில் மேற்கே திரும்புகிறோம். இரு வேளையும் வெயில் முகத்துக்கு நேரேதான். இருபத்தெட்டு ஆண்டுகள் சரக்குந்து ஓட்டிய 69 வயது ஓட்டுநர் ஒருவரின் படம் 2012இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. சன்னல் பக்கம் இருந்த இடக்கன்னம் மட்டும் ஆழமாகச் சுருங்கித் தொங்கியிருந்தது, ஏனெனில் புற ஊதா ஏ கதிர் சன்னல் கண்ணாடியையும் கடந்துவரும். ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நாலரை ஆண்டுகள் கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு, விரும்பியபோது மட்டும் பூசியவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. பகலில் வெயிலைத் தடுக்காமல் இரவில் எத்தனை விலையுள்ள கிரீமைப் பூசினாலும் அது ஈடுகொடுக்காது. நம்மைப் போன்ற மாநிறத்தவர்க்கும் கறுத்தவர்க்கும் சுருக்கம் பெரும்பாலும் தாமதமாகவே வருகிறது. வெயிலின் சேதம் முதலில் திட்டுத்திட்டான கருமையாகத்தான் தெரியும். குளிர்நாட்டு வெள்ளை முகத்தின் சுருக்கத்தைக் காட்டி நம்மிடம் விற்கும் விளம்பரங்கள் இதைச் சொல்வதே இல்லை.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, தெய்வமில்லாத கோயில், அழகில்லாத பெண்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் லிங்கம் மீண்டும் எழுந்தருளியதும் மூன்றாவது பொய்யாகிவிட்டது. நான்காவதை இன்னும் திருமண வீடுகளில் வேடிக்கையாகச் சொல்கிறார்கள். அது வேடிக்கை அல்ல. அதைக் கேட்டே வளர்ந்த பெண்கள்தாம் லாங்கு பஜாரில் முகத்தை வெளுக்கவைப்பதாகச் சொல்லும் பெயர் தெரியாத கிரீம்களையும், மருந்துக்கடையில் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கலந்த கிரீம்களையும் வாங்கிப் பூசி, தோல் மெலிந்து சிவந்துபோய் நிற்கிறார்கள். நாடெங்கிலுமிருந்து சி.எம்.சி. மருத்துவமனையைத் தேடி மக்கள் வரும் ஊரில் இருந்துகொண்டு, நாம் முகத்துக்கான ஆலோசனையைக் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

ஆகவே தங்கைக்கு என் பதில் மாறவில்லை: பாதி விலைக்கும் வேண்டாம். தள்ளுபடியில் வரும் குப்பி எத்தனை மாதம் எந்தக் கிடங்கின் வெப்பத்தில் கிடந்தது என்பதும் நமக்குத் தெரியாது. அந்தப் பணத்தில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத, புற ஊதா ஏ கதிரையும் தடுப்பதைக் காட்டும் பி.ஏ. குறியுள்ள சன்ஸ்கிரீனை வாங்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்துத் தினமும் பூசலாம். இரவுக்குக் கிளிசரின் உள்ள சாதாரணக் கிரீம் போதும். சுருக்கத்துக்கே மருந்து வேண்டுமென்றால் தோல்மருத்துவரைப் பார்த்து டிரெட்டினாயின் ஏற்குமா என்று கேட்க வேண்டும். அது சீட்டின்றி வாங்கக் கூடாத மருந்து, தொடக்கத்தில் தோலை உரிக்கும், எரிச்சல் தரும். அடுத்த குழந்தைக்கு எண்ணியிருக்கிறாய் என்றால் ரெட்டினாலும் டிரெட்டினாயினும் இரண்டுமே இப்போது கூடாது. எனக்கோ அந்த வயது தாண்டிவிட்டது. அந்தக் கிரீமின் இதமும் முகத்துக்குப் பழகிவிட்டது. அதையே அலுமினிய டியூபில் அடைத்து, ரெட்டினால் எத்தனை சதவீதம் என்று மேலே அச்சிட்டுத் தருவார்களானால், தள்ளுபடிக்குக் காத்திராமல் முழு விலை கொடுத்தே வாங்குவேன்.