கார்வெட்டா, அனகோண்டாவா? எரிபொருள் கணக்கை மட்டும் பேசுகிறேன்

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்கப்பல் வீடியோ கேம் விளையாடும் நண்பர் ஒருவர் கேட்டார்: விளையாட்டில் வரும் ஃபெடரேஷன் அரசில் அதற்குத் தேவையான ரியர் அட்மிரல் ரேங்க் வந்துவிட்டது, ஃபெடரல் கார்வெட் என்ற போர்க்கப்பலை வாங்கட்டுமா, இல்லை இருக்கிற அனகோண்டாவையே ஓட்டட்டுமா என்று. ஆயுதம், ஷீல்டு பற்றியெல்லாம் அவருக்கே தெரியும். அதனால் நீண்ட நாளாக கார்வெட் ஓட்டுகிறவன் என்ற முறையில் என்னை விடாமல் எரிச்சல்படுத்தும் ஒரே விஷயத்தை, அதன் எரிபொருள் பசியை, எழுதுகிறேன்.

ராணுவக் கப்பல் என்றாலும் கார்வெட்டுக்குத் தனியாக ராணுவ டிரைவ் எதுவும் கிடையாது. ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, அதாவது ஜம்ப் பண்ண, இரண்டு கப்பலிலும் போடுவது அதே கிளாஸ் 6 ஃப்ரேம் ஷிஃப்ட் டிரைவ்தான், டாங்க்கும் இரண்டிலும் 32 டன்தான். அதில் உயர்தரமான 6ஏ டிரைவ் ஒரு ஜம்ப்புக்கு அதிகபட்சம் 8 டன் எரிக்கும், ஆக முழு டாங்க்குக்கு நான்கு முழு ஜம்ப். வித்தியாசமெல்லாம் எடையில் இருக்கிறது. அனகோண்டாவின் வெறும் உடல் 400 டன், கார்வெட்டுக்கு 900 டன். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அளவில் பெரிய வேறுபாடு தெரியாது, ஆனால் எடை இரண்டு மடங்குக்கு மேல்!

500 டன் கூடுதல்தானே என்று விட முடியாது. கிளாஸ் 6 டிரைவில் எரிபொருள் செலவு எடையோடு நேராக ஏறுவதில்லை, எடையின் 2.6 அடுக்காக ஏறுகிறது. எடை இரட்டித்தால் அதே தூரத்துக்கு ஆறு மடங்கு எரிபொருள். என் கார்வெட் கவசம், ஷீல்டு, ஆயுதம் எல்லாம் சேர்த்து 1500 டன்னை ஒட்டி நிற்கிறது, இன்ஜினியரிங் (மேம்படுத்தல்) செய்யாத 6ஏ-யில் 8 டன்னையும் எரித்து அது தாண்டுவது 14 அல்லது 15 ஒளியாண்டு. ஆயுதம் இல்லாமல் 600 டன்னில் வைத்திருக்கும் அனகோண்டா அதே தூரத்தை முக்கால் டன்னில் முடித்துவிடும். சரி, சண்டைக் கப்பலை வெறுங்கப்பலோடு ஒப்பிடுவது நியாயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். அனகோண்டாவிலும் அதே சுமையை ஏற்றி 1000 டன் ஆக்கினால்? அப்போதும் 3 டன்னுக்குள்தான் வருகிறது. இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வரும்.

டாங்க் நிரப்புகிற காசு ஒரு பொருட்டே இல்லை, கப்பலுக்கே ஏறக்குறைய 18.8 கோடி கிரெடிட் கொடுத்தவனுக்கு அது சில்லறை. போவது நேரம். தூரமான நட்சத்திர சிஸ்டத்துக்குப் போகும்போது நாலு ஜம்ப்புக்கு ஒருமுறை நட்சத்திரத்தை ஒட்டிப் பறந்து எரிபொருளை அள்ள, அதாவது ஸ்கூப் பண்ண வேண்டும், அதுவும் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் வகை நட்சத்திரமாக இருந்தால்தான் எரிபொருள் ஏறும். வரிசையாக எரிபொருள் தராத பழுப்புக் குள்ள விண்மீன்களே வந்தால் நெஞ்சு படபடக்கும். (டாங்க் காலியாகி நடுவெளியில் நிற்பவர்களைத் தேடி வந்து எரிபொருள் கொடுத்துவிட்டுப் போகும் ஃபியூயல் ராட்ஸ் விளையாட்டாளர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.) மேப்பில் சிக்கன வழியைத் தேர்ந்தெடுக்கலாம்தான், ஒரு தூரத்தை இரண்டு பாதியாக உடைத்துத் தாண்டினால் எரிபொருள் மூன்றில் ஒரு பங்காகிவிடும், ஆனால் 15 ஒளியாண்டையும் பாதியாக்கினால் எப்போது போய்ச் சேர்வது?

இதையெல்லாம்கூட பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அந்த ராணுவ ஸ்லாட்டுகள் (ஸ்லாட் என்றால் கப்பலுக்குள் சாமான் பொருத்தும் இடம்). கார்வெட்டில் கிளாஸ் 5 அளவில் இரண்டு இருக்கின்றன, அவற்றில் ஃபியூயல் ஸ்கூப் ஏறாது, கூடுதல் டாங்க்கும் ஏறாது. ஷீல்டு செல் பேங்க், ஹல் வலுவூட்டல், மாட்யூல் வலுவூட்டல் மாதிரியானவை மட்டும்தான். அதிகம் குடிக்கிற கப்பலுக்கு, எடையைக் கூட்டுகிற சாமானுக்கென்றே இரண்டு இடம்! கடைசியில் ஸ்கூப்புக்காக நல்ல சாதாரண ஸ்லாட் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் கிளாஸ் 6 ஸ்லாட்டைக் கொடுத்தேன், அதில் 6ஏ ஸ்கூப் விநாடிக்கு 878 கிலோ இழுக்கும் என்பதுதான் ஆறுதல்.

டெசியாட் சிஸ்டத்தில் இருக்கும் ஃபெலிசிட்டி ஃபார்சீர் என்ற இன்ஜினியரிடம் போய் டிரைவை ஐந்தாம் கிரேடு வரை ஏற்றியது பெரிய நிம்மதி, தூரம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே போனது. சிஸ்டத்துக்குள் வேகத்தைக் கூட்டும் எஸ்சிஓ (சூப்பர்குரூஸ் ஓவர்சார்ஜ்) என்ற, 2024-இல் வந்த டிரைவையும் போட்டுப் பார்த்தேன். சிஸ்டத்துக்குள் தொலைவிலிருக்கும் நிலையத்துக்கு உட்கார்ந்து காத்திருந்த காலம் போச்சு, ஆனால் பட்டனை அழுத்தியதும் டாங்க் மளமளவென்று இறங்குகிறது, சூடு ஏறுகிறது, அதற்கென வடிவமைக்காத கப்பல் என்பதால் இது கிடுகிடுவென ஆடவும் செய்கிறது. பைதான் மார்க் 2-வும் சண்டைக் கப்பல்தான், அது அதே வகை டிரைவில் அடக்கமாகப் போகிறது. ஆக ராணுவக் கப்பல் என்றால் குடிக்கத்தான் செய்யும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு நண்பருக்கு என் பதில்: வாங்குங்கள். மிகப் பெரிய ஆயுதங்களைப் பொருத்தும் இரண்டு ஹ்யூஜ் ஹார்ட்பாயின்ட்டோடு இவ்வளவு பெரிய உடம்பு இப்படித் திரும்புவதை சண்டையில் ஒருமுறை பார்த்துவிட்டால் அனகோண்டாவைச் சண்டைக்கு எடுக்கவே மனம் வராது. ஆனால் கார்வெட்டில் ஊர் சுற்றாதீர்கள், அனகோண்டாவையும் விற்காதீர்கள். கார்வெட்டைச் சண்டை நடக்கும் பக்கமே நிறுத்திவிட்டு அனகோண்டாவில் போய்ச் சேருங்கள், சண்டை இடம் மாறினால் கப்பலை வரவழைக்கும் கட்டணத்தை நிலையத்தில் கட்டிவிடுங்கள். கட்டணம் அதிகம்தான், காத்திருக்கவும் வேண்டும், ஆனாலும் நான் அதைத்தான் செய்கிறேன்.