டிவிக்கு லைசென்ஸ்: கதவைத் தட்டிக் காசு வாங்கியவனின் கணக்கு

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஆறு வருஷம் கேபிள் கலெக்‌ஷனுக்குப் போனவன் நான். மாசம் பத்தாம் தேதிக்கு மேல் போனால்தான் காசு தேறும். அதற்குள் ஃபேக்டரியில் தேயிலைக்குப் பணம் போட்டிருப்பார்கள், எஸ்டேட்டில் சம்பளம் கொடுத்திருப்பார்கள். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லைன் வீட்டு வரிசைக்கு ஏறி இறங்க முக்கால் மணி நேரம். எட்டு வீட்டில் மூன்று பூட்டிக் கிடக்கும். இரண்டு வீட்டில் “அடுத்த வாரம் வாப்பா”. மிச்சம் மூன்று வீட்டுக் காசு, அட்டையில் கையெழுத்து, மழையில் நனைந்த ரசீது புக்கு.

அதனால் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள், “அண்ணே, இங்க டிவி பாக்க லைசென்ஸ் எடுக்கணும்” என்று போனில் சொன்னதும் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. “யாரு வந்து வாங்குவா?” என்றுதான் கேட்டேன். இந்த விவகாரத்தில் பாதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

முதலில் பிரிட்டன் முறை. வீட்டுக்கு ஒரு லைசென்ஸ், அந்தக் காசு பிபிசிக்கு. 2025 ஏப்ரலில் கட்டணம் 174.50 பவுண்டு ஆனது, நம் காசில் வருஷத்துக்கு ஏறத்தாழ 20,000 ரூபாய். பிபிசி பார்க்காதவரும் எந்த சேனலையாவது நேரலையில் பார்த்தால் கட்டவேண்டும். கட்டாமல் மாட்டினால் கோர்ட், 1,000 பவுண்டு வரை அபராதம். அப்படித் தண்டனை பெறுபவர்களில் பெண்களே மிக அதிகம். ஏன் என்று எனக்கு யாரும் விளக்கவேண்டாம். பகலில் கதவைத் திறப்பவர் யாரோ அவர் பெயர்தான் நோட்டில் ஏறும். எங்கள் பக்கம் பெண்கள் கொழுந்தெடுக்கப் போயிருப்பதால் பாட்டிகள் மாட்டுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வசூலுக்கு ஆகும் செலவே வருஷத்துக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல்.

ஆனால் அந்தக் காசு என்ன செய்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். விளம்பரதாரர் முகத்தைப் பார்க்காமல் நிகழ்ச்சி எடுக்கலாம், நிதி மந்திரியின் மூடு எப்படி என்று தினமும் கவலைப்பட வேண்டாம். 2014 முதல் பிபிசி உலக சேவையின் செலவில் பெரும்பகுதி இந்த லைசென்ஸ் பணத்திலிருந்துதான் போகிறது. அதாவது டீக்கடையில் உட்கார்ந்து நான் போனில் பிபிசி தமிழ் படிப்பதற்கு என் தங்கை லெஸ்டரில் காசு கட்டுகிறாள். சொன்னேன். “அப்ப பாதிய அனுப்பி விடுங்கண்ணே” என்றாள். அனுப்பவில்லை.

நமக்கு இது புதிதும் இல்லை. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் ஒன்று இன்னும் கிடக்கிறது. வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸுக்குப் போய் 15 ரூபாய் கட்டி, அதற்கான ஸ்டாம்பை ஒட்டி, மேலே முத்திரை குத்தி வாங்கியிருக்கிறார். டிவி வந்தபோது அதற்கு 50 ரூபாய். லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் ரேடியோ கம்பளிக்குள் போய்விடும் என்று பாட்டி சொல்லும். 1980களின் நடுவில் எல்லாவற்றையும் ரத்து செய்தார்கள். நல்லதுதான் செய்தார்கள். 2006க்குப் பிறகு தமிழக அரசு வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி கொடுத்தபோது லைசென்ஸும் இருந்திருந்தால், யானையை இனாமாகக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்கு வரி கேட்ட கதை ஆகியிருக்கும்.

ரத்தான பிறகு நாம் காசு கட்டாமலா பார்க்கிறோம்? அரசு கேபிள் 2011 செப்டம்பரில் மாசம் 70 ரூபாய்க்கு வந்தது. 2019ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி மாறியபோது, கட்டணச் சேனல் ஒன்றுகூட இல்லாமல் வெறும் இணைப்புக்கே அதிகபட்சம் 130 ரூபாய், ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. வருஷத்துக்கு 1,840 ரூபாய். சீரியல் சேனல்கள் அதற்கு மேல். இதில் ஒரு பைசா தூர்தர்ஷனுக்கோ வானொலிக்கோ நிகழ்ச்சி தயாரிக்கப் போவதில்லை. இந்த இரண்டையும் நடத்தும் பிரசார் பாரதி 1997லிருந்து தன்னாட்சி அமைப்பு என்று பெயர், சம்பளப் பணம் டெல்லியிலிருந்துதான் வரவேண்டும். கொடுக்கிற கையைக் கடிக்க யாருக்கு மனசு வரும்?

ஆக பிரிட்டனில் வசூல் கொடுமை, நம்மிடம் சுதந்திரம் இல்லாத கொடுமை. நடுவில் வேறு வழிகள் இருக்கின்றன.

ஜெர்மனியில் 2013 முதல் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாசம் இவ்வளவு, இப்போது 18.36 யூரோ. ஒளித்துவைக்க எதுவும் இல்லை என்பதால் தேடிவரவும் ஆள் வேண்டாம். ஆனால் பங்களாவுக்கும் ஒற்றை அறைக்கும் ஒரே தொகை. இத்தாலி இன்னும் கெட்டி: 2016 முதல் கரண்ட் பில்லிலேயே சேர்த்துவிட்டார்கள். நம் ஊரில் அதை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் லைன் வீடுகளில் பல பில் பூஜ்ஜியம்தான். அந்தப் பூஜ்ஜியத்துக்குக் கீழே டிவிக் காசு என்று ஒரு வரி அச்சடித்து வந்தால், ரீடிங் எடுக்க வருகிற தம்பி மறுமாசம் அந்தப் பக்கம் போகமுடியாது. பிரான்ஸ் 2022ல் 138 யூரோ கட்டணத்தையே தூக்கிவிட்டது.

எனக்குப் பிடித்தது பின்லாந்து. 2013ல் லைசென்ஸை விட்டுவிட்டு, வருமானத்துக்கு ஏற்ற தனி வரியாக மாற்றினார்கள். சம்பளம் குறைந்தவருக்குக் கிடையாது, மேலே ஓர் உச்சவரம்பும் உண்டு. கதவைத் தட்ட ஆளே தேவையில்லை. இங்கே வருமான வரி கட்டுபவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பது பெரிய இடைஞ்சல். அப்படியே எடுத்துவர முடியாது. பொது வரியிலிருந்து இத்தனை சதவீதம் என்று சட்டத்திலேயே எழுதி, எந்த மந்திரியும் நிறுத்திவைக்க முடியாதபடி செய்தால் பக்கத்தில் வரலாம்.

ஆனால் எந்த முறையானாலும் வாங்குகிற காசுக்கு எங்களுக்கு என்ன கிடைக்கும்? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியபோது எங்கள் பக்கமும் மரம் விழுந்து ஒயர் பூராவும் தரையில். கரண்ட் இல்லை, கேபிள் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. பேட்டரி ரேடியோ இருந்த ஒரே வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து உதகை வானொலி கேட்டோம். தனியார் சேனலுக்கு நீலகிரி என்றால் மே மாத மலர்க் கண்காட்சியும் டிசம்பர் உறைபனியும்தான். விளம்பரம் கொடுக்க இங்கே பெரிய கடை இல்லை, அதனால் அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை.

பர்லியார் ரோட்டில் மண் சரிந்ததா, இந்த மாசம் பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் என்ன விலை சொல்லியிருக்கிறது, கூடலூரில் யானை எந்தப் பக்கம் நிற்கிறது. இதைத் தமிழிலும் படுகர்களின் மொழியான படுகுவிலும் காலை மாலை சொல்லும் நிலையம் ஒன்றுக்கு மாசம் 20 ரூபாய் கேட்டால் நான் கட்டுவேன். வசூலுக்கு மட்டும் என்னைக் கூப்பிட வேண்டாம்.