அம்மாச்சியின் சாப்பாட்டு மேசைக்கு மறுபடி பாலிஷ்

தேக்கு மேசை, அம்மாச்சி காலத்தது. சூடான ரசப் பாத்திரத்தை அப்படியே வைத்து வைத்து மேல்பலகை முழுக்க வெள்ளை வளையங்கள். ஆறு நாற்காலிகளில் இரண்டு ஆடும். வீட்டுக்கே வந்து பாலிஷ் போடும் ஓர் ஆசாரியிடம் பேசினேன். எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய், ஐந்து நாள் வேலை.

மெஷின் வைக்காமல், 80, 120, 220 என்று சொரசொரப்பிலிருந்து நைசுக்கு உப்புத்தாளை மாற்றி மாற்றி, ரேகை ஓடும் திசையிலேயே கையால் தேய்த்தார். பழைய கருப்பு போய்த் தேன் நிறம் தெரிந்ததும் அம்மா கரண்டியோடு வந்து தொட்டுப் பார்த்தார். ஆடிய கால்களுக்கு ஆணி அடிக்கவில்லை. பொருத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டி, ராத்திரி முழுக்கக் கயிற்றால் முறுக்கிக் கட்டி வைத்தார். இப்போது அசைவே இல்லை.

அரக்கு பாலிஷ் சூடு தாங்காது என்று மேல்பலகைக்கு மட்டும் மெலமைன் என்ற பூச்சு அடித்தார். சரி. ஆனால் நான் கேட்டது மேட், அதாவது பளபளக்காத பூச்சு. வந்தது ஜவுளிக்கடைப் பளபளப்பு. நடுவில் ஒருநாள் ஆளும் இல்லை, போனும் எடுக்கவில்லை. வாடை போகும்வரை மூன்று நாள் மொட்டை மாடியில்தான் சாப்பாடு.

அடுத்து ஊஞ்சல் பலகையையும் அவரிடமே கொடுக்கப்போகிறேன். இந்த முறை மேட் என்று எழுதியே கொடுத்துவிடுவேன்.