சக்கரக் கூண்டா, மாடிக் கூண்டா, கோழிக்கடைக் கிரேட்டா?

கலிபோர்னியாவில் கோழி வளர்ப்பவர்கள் சக்கரம் வைத்த கூண்டைப் பற்றிப் பேசும்போது அவர்கள் மனதில் நிற்பது காட்டுத்தீ. 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊர் சில மணி நேரத்தில் எரிந்து சாம்பலானது. அப்படிப்பட்ட இடத்தில் கூண்டை வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊரைவிட்டே வெளியேறுவது நியாயமான ஏற்பாடுதான். அவர்கள் போடும் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே சென்னையின் மடிப்பாக்கத்திலும் முடிச்சூரிலும் இருப்பவர்கள் வெல்டிங் பட்டறைக்குக் கிளம்புவதுதான் எனக்குப் புரியவில்லை. சென்னைக்கு வருவது தண்ணீர். தீ துரத்தினால் தெருவைத் தாண்டி ஓட வேண்டும்; வெள்ளம் வந்தால் மாடி ஏற வேண்டும். ஏழெட்டு நாட்டுக்கோழி வைத்திருக்கும் ஒரு வீட்டை மனதில் வைத்து மூன்று ஏற்பாடுகளைப் பார்க்கிறேன்.

முதலில் சக்கரக் கூண்டு. அன்றாட வளர்ப்புக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை நகர்த்தினால் கோழிக்குப் புதுப் புல்லும் புழுவும் கிடைக்கும், எச்சம் ஒரே இடத்தில் குவியாது, மண்ணுக்கும் உரம். ஆனால் மழை பிடித்துக்கொண்டால் கதையே வேறு. கடையில் விற்கும் சின்ன உருளைச் சக்கரங்கள் ஊறிய மண்ணில் இறங்கி அப்படியே நின்றுவிடும். பழைய சைக்கிள் சக்கரம் போட்டால் ஓரளவு உருளும்; அப்போது கூண்டின் அகலம் கூடும். அரை கிரவுண்டு மனையில் வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே மூன்றடிச் சந்துதான் இருக்கிறது. அதில் நுழையாத கூண்டு தோட்டத்திலேயே கிடக்க வேண்டியதுதான். நுழைந்து வெளியே வந்தாலும் எங்கே போவது? முழங்கால் தண்ணீரில், எந்தச் சாக்கடை மூடி திறந்து கிடக்கிறதோ தெரியாத தெருவில், இரும்புக் குழாய்க் கூண்டை இழுத்துக்கொண்டு நடப்பது கோழிக்கும் ஆபத்து, இழுப்பவருக்கும் ஆபத்து. மாடிப்படியில் ஏற்றுவது என்றால் நான்கு பேர் வேண்டும்.

செய்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கூரைக்கு ஓலை வேண்டாம், தகரம் போடுங்கள். காட்டுத்தீ நமக்கு இல்லை. தீபாவளி ராக்கெட் இருக்கிறது.

இரண்டாவது, மொட்டைமாடியிலேயே நிரந்தரக் கூண்டு. வெள்ளத்தைப் பொறுத்தவரை இதற்கு ஈடில்லை, இடமாற்றம் என்ற பேச்சுக்கே வேலை இல்லை. 2015 டிசம்பர் முதல் இரண்டு நாட்களில் அடையாற்றங்கரையில் தண்ணீர் இரவோடு இரவாக ஏறியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளங்கள் மூழ்கின. அங்கே மாடியில் இருந்த எந்த உயிரும் குடும்பத்தோடு சேர்ந்தே தப்பியிருக்கும். இதற்கான விலையைக் கத்திரி வெயிலில் கொடுக்க வேண்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டை வெளியேற்றும். நாற்பது டிகிரியைத் தொடும் நாளில் சூடேறிய தளமும் தகரக் கூரையும் சேர்ந்தால் மதியத்துக்குள் சாவு விழும். தகரத்துக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பச்சை நிழல்வலை கட்டுவது கட்டாயம். அடுத்தது காற்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரத்து மரங்களை வேரோடு சாய்த்தது. கைப்பிடிச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்காத கூண்டு அந்த மாதிரிக் காற்றில் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். மண் குளியலுக்குத் தொட்டியில் மணலும் சாம்பலும் வைக்க வேண்டும், குஞ்சுகளைக் காகத்திடமிருந்தும் பருந்திடமிருந்தும் காக்க மேலே வலை வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தோடு சண்டையும் உண்டு. அதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் தனிக் கட்டுரை.

மூன்றாவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். தோட்டத்தில் மூன்றடிக் கால் வைத்த நிலையான கூண்டு, கூடவே கறிக்கோழிக் கடைகளில் லாரியிலிருந்து இறக்குவார்களே, அந்தப் பிளாஸ்டிக் கிரேட் இரண்டு. கால் உயரம் வெள்ளத்திலிருந்து காப்பாற்றும் என்று நம்பிவிடக் கூடாது. அது கொடுப்பது சில மணி நேர அவகாசம் மட்டுமே. காப்பாற்றப் போவது கிரேட். சிறுவிடை என்ற சின்ன நாட்டுக்கோழி ஒவ்வொன்றும் ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோதான் இருக்கும். ஒரு கிரேட்டில் நான்கு போட்டால் ஒருவரே இரண்டு மாடி ஏற்றிவிடலாம். கோழியை மூடும் கூடையான பஞ்சாரம் இருக்கிறதே என்பார்கள். பஞ்சாரத்துக்கு அடிப்பக்கம் இல்லை, கவிழ்த்து மூடத்தான் லாயக்கு. தூக்கினால் கோழி தரையில் நிற்கும்.

பிடிப்பதில்தான் சூட்சுமம். பகலில் துரத்தினால் ஆளுக்கும் மூச்சு வாங்கும், கோழிக்கும் இறகு பறக்கும். பொழுது சாய்ந்து பரணில் ஏறிய பிறகு கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அசையாமல் உட்கார்ந்திருக்கும். மங்கலான வெளிச்சத்தில் பின்பக்கமாகக் கையை நெஞ்சுக்கு அடியில் விட்டு, இரண்டு கால்களையும் விரலிடுக்கில் பிடித்து, இறக்கையை உடம்போடு அணைத்துத் தூக்கினால் சத்தமே வராது. முதலில் சேவலை எடுத்துவிடுங்கள். அது கூவினால் மற்றவையும் விழித்துக்கொள்ளும். கிரேட்டின் மேல் ஈரமில்லாத சாக்கைப் போடுங்கள், பக்கவாட்டுத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். கனமழை எச்சரிக்கை வந்த மாலையே இதைச் செய்துவிட வேண்டும். வெறும் மழையாகப் போனால் காலையில் இறக்கிவிட்டால் ஆயிற்று.

தண்ணீரை விட்டால் சென்னையில் மிச்சம் இருப்பது புகை. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கில் பற்றிய தீ நாள்கணக்கில் புகைந்தது. பறவையின் உடலில் நுரையீரலோடு காற்றுப் பைகளும் இருக்கின்றன. மனிதரைவிடச் சீக்கிரம் நச்சுப் புகை அதைத் தாக்கும். சுரங்கத் தொழிலாளர்கள் கேனரிக் குருவியைக் கூண்டோடு கொண்டுபோனது அதனால்தான். இந்த நேரத்தில் மாடிக் கூண்டு உதவாது, ஊரைவிட்டு நகர வேண்டும். நகரத்தான் சக்கரம் என்று வாதிடலாம். ஆனால் கூண்டைப் பழைய மகாபலிபுரம் சாலையில் இழுத்துக்கொண்டு போகப் போகிறவர் யார்? கிரேட் என்றால் ஆட்டோவின் பின்சீட்டில் வைத்து உறவினர் வீட்டுக்குப் போய்விடலாம்.

திருப்போரூர், செங்குன்றம் பக்கம் கால் ஏக்கர் வைத்திருப்பவர் சக்கரக் கூண்டு செய்துகொள்ளட்டும், மேய்ச்சலுக்கு அது அருமை. குனிந்து நிமிர முடியாத பெரியவர்கள் மட்டும் இருக்கும் சொந்த வீட்டுக்கு மாடிக் கூண்டே சரி. மற்றவர்களுக்குக் கிரேட்.

எதைத் தேர்ந்தாலும் தீவனம் மாடியில், இறுக மூடும் டிரம்மில் இருக்கட்டும். நனைந்து பூசணம் பூத்த தீவனம் கோழியின் ஈரலைக் கெடுக்கும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசியை ஐப்பசிக்கு முன்பே போட்டுவிடுங்கள். அடைக்கோழி இருந்தால் அதை முட்டையோடும் சட்டியோடும் சேர்த்து, இரவிலேயே, தனியாக மேலே ஏற்றுங்கள். பகலில் இடம் மாற்றினால் அடையைவிட்டு எழுந்து பழைய இடத்தைத் தேடிப் போய்விடும்.