ரெஸ்யூமே எதில் செய்வது: வேர்டா, கேன்வாவா, லேடெக்ஸா?

ஐடி வேலைக்கு ரெஸ்யூமே போட உட்கார்ந்தால், எதில் செய்வது என்பதிலேயே பாதி நாள் போய்விடும். வேர்டு பழசு, ஆன்லைன் டிசைன் தளமான கேன்வா அழகு, கட்டளைகளோடு டெக்ஸ்டாக எழுதி பிடிஎஃப் ஆக்கும் லேடெக்ஸ்தான் கெத்து என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். மூன்றையும் ஒரே சோதனையில் உரசிப் பார்க்கலாம். பிடிஎஃப்பைத் திறந்து, முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். வொர்க்டே, கிரீன்ஹவுஸ் போன்ற ஏடிஎஸ் மென்பொருள்கள் (கம்பெனிகள் விண்ணப்பங்களை வாங்கி நிர்வகிக்கப் பயன்படுத்துபவை) உங்கள் கோப்பிலிருந்து உருவுவது ஏறக்குறைய அந்த எழுத்துகளைத்தான்.

இந்தச் சோதனையில் அதிகம் சறுக்குவது கேன்வா. அதில் பலர் எடுக்கும் டெம்ப்ளேட் இரண்டு பத்தி கொண்டது: இடப்பக்கம் திறன்கள், வலப்பக்கம் அனுபவம். நோட்பேடில் ஒட்டினால் சில சமயம் இப்படி வரும்: "ஜாவா மென்பொருள் பொறியாளர் டாக்கர் 2021 முதல் ஆங்கிலம் பேமென்ட் டீம்". இதில் எது பதவி, எது திறன் என்று மென்பொருள் எப்படிப் பிரிக்கும்? டவுன்லோடு செய்யும்போது 'பிளாட்டன்' என்பதை டிக் செய்துவிட்டால் இன்னும் மோசம், பக்கம் முழுக்கப் படமாகிவிடும், காப்பி செய்ய எழுத்தே இருக்காது. அப்புறம் அந்தத் திறன் பட்டைகள். பைத்தான் 80 சதவீதமாம். யார் வைத்த பரீட்சையில்? யூஐ டிசைனர் என்றால் கேன்வாவுக்கு ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அவர்களுக்கும் கைவரிசையைக் காட்ட போர்ட்ஃபோலியோ இருக்கிறதே.

லேடெக்ஸ் விஷயம் வேறு. 1980களில் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கியது, இன்று ஓவர்லீஃப் தளத்தில் பிரௌசரிலேயே எழுதலாம். ஒரு வரியைச் சேர்த்தால் பக்கம் முழுக்கக் கலைந்துபோகும் தொல்லை குறைவு. எல்லாம் வெறும் டெக்ஸ்ட் என்பதால், கோப்பின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' மென்பொருளில் போட்டு வைக்கலாம். பேக்கெண்ட் வேலைக்கு ஒரு பிராஞ்ச் (தனிப் பிரதி), டேட்டா வேலைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது உண்மையிலேயே சுகம். ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. எஃப்-உம் ஐ-யும் அடுத்தடுத்து வந்தால் லேடெக்ஸ் இரண்டையும் ஒட்டி ஒரே உருவமாக அச்சிடும். கண்ணுக்கு அழகுதான், ஆனால் சில டெம்ப்ளேட்களில் காப்பி செய்தால் 'கான்ஃபிகரேஷன்' என்ற ஆங்கிலச் சொல் நடுவில் எழுத்து விழுங்கி வரும். கிளிஃப்-டு-யூனிகோடு கோப்பைச் சேர்த்து அதற்கான அமைப்பையும் இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில கன்சல்டன்சிகள் வேர்டின் .docx கோப்புதான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள், அப்போது லேடெக்ஸ்காரர் திண்டாட வேண்டியதுதான்.

வேர்டு, கூகுள் டாக்ஸ் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாம். பக்கத்தை இடம் வலமாகப் பிரிக்காமல், சாதாரணத் தலைப்புகளோடு எழுதினால் நோட்பேடில் வரிசை குலையாமல் வரும். பெயரையும் போன் நம்பரையும் ஹெடர் பகுதியில் வைக்காதீர்கள், சில மென்பொருள்கள் அதைப் படிப்பதில்லை. டெக்ஸ்ட் பாக்ஸும் வேண்டாம். பிடிஎஃப் ஆக்கும்போது 'சேவ் ஆஸ்' வழியாகப் போங்கள். 'பிரிண்ட்' வழியாகப் போனால் கிட்ஹப் லிங்க் கிளிக் ஆகாமல் போக வாய்ப்பு அதிகம்.

என் ஓட்டு வேர்டுக்கு. லேடெக்ஸ் ஏற்கெனவே கைவந்தவர் அதிலேயே இருக்கலாம். வேலை தேடும் நேரத்தில் புதிதாகக் கற்றுக்கொண்டிருப்பது வீண் வேலை, அந்த நேரத்தை வரிகளுக்குக் கொடுங்கள். "பெர்ஃபாமன்ஸ் மேம்பாட்டில் பங்காற்றினேன்" என்ற வரியை எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது. "ஆர்டர் தேடும் பக்கம் திறக்க 6 வினாடி ஆனது, மெதுவான குவெரியைக் கண்டுபிடித்து, இன்டெக்ஸ் சேர்த்து 1 வினாடிக்குள் கொண்டுவந்தேன்" என்று எழுதினால், இன்டர்வியூ எடுப்பவருக்கு முதல் கேள்வி அங்கேயே கிடைத்துவிடும். எண் உண்மையாக இருக்க வேண்டும், அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.

இன்னொன்று, வேலை அறிவிப்பில் 'குபெர்நெட்டிஸ்' என்றிருந்தால் 'கே8எஸ்' என்று மட்டும் சுருக்கி எழுதாதீர்கள். ஹெச்ஆர் தேடல் பெட்டியில் முழுப் பெயரைத் தட்டினால் உங்கள் ரெஸ்யூமே மேலே வராமல் போகலாம். இரண்டையும் ஒருமுறை எழுதிவிடுங்கள்.