கார்ட்ரிட்ஜ் சீலா, காம்பனென்ட் சீலா? ஓர் உப்புநீர்ப் பம்பின் அனுபவம்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவில் பம்புகளைப் பராமரிப்பது என் வேலை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இங்குள்ள சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை ஊரே மறக்காது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத பட்டறை மட்டுமே ஓடலாம் என்றாகிவிட்ட பிறகு, பம்பில் சீல் (சுழலும் ஷாஃப்டைச் சுற்றி நீர் வெளியே வராமல் தடுக்கும் பாகம்) கசிவது சின்ன விஷயமில்லை. ஆவியாக்கியில் உப்புநீரைச் சுற்றவிடும் பம்புக்குச் சென்ற ஆண்டு தனித்தனிப் பாகங்களாக மாட்டும் காம்பனென்ட் சீலை விட்டுவிட்டு, ஒரே தொகுப்பாகக் கூட்டி வரும் கார்ட்ரிட்ஜ் சீல் போட்டேன். மறுபடி முடிவெடுக்கச் சொன்னாலும் அதையேதான் போடுவேன்.

ஷாஃப்டைச் சுற்றிக் கயிறுபோல அடைக்கும் கிளாண்ட் பேக்கிங்கை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. சொட்டிக்கொண்டே இருந்தால்தான் அது சூடேறாமல் ஓடும். நாளடைவில் ஷாஃப்டின்மேல் உள்ள உறையான ஸ்லீவையும் அரித்துவிடும். நல்ல தண்ணீர்ப் பம்புக்கு அது போதும், சூடான உப்புநீருக்கு ஆகாது.

விலையில் காம்பனென்ட் சீல்தான் மலிவு. நாங்கள் வாங்கிய கார்ட்ரிட்ஜுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு கொடுத்தோம். கழற்றுகிற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். எங்களுடையது போன்ற பம்பில், நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றாமல் எந்தச் சீலும் வெளியே வராது. மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே கழற்றக்கூடிய துண்டோடு கூடிய ஸ்பேசர் கப்ளிங் இருந்தால் மோட்டாரை நகர்த்தாமல் வேலை முடியும், அவ்வளவுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது மாட்டும்போது வைக்க வேண்டிய அளவு. காம்பனென்ட் சீலில் சுழலும் தலையை ஸ்லீவின்மேல் எங்கே நிறுத்துகிறோமோ, அதைப் பொறுத்தே, சுழலும் முகத்தையும் நிலையான முகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கின் அழுத்தம் அமையும். முதலில் சீல் இல்லாமல் பம்பைக் கூட்டி, சீல் உட்காரும் கூடான ஸ்டஃபிங் பாக்ஸின் முகத்துக்கு நேராக ஸ்லீவில் கோடு போட வேண்டும். பிறகு பிரித்து, வரைபடத்தில் உள்ள நீளத்தை அந்தக் கோட்டிலிருந்து அளந்து, தலையை வைத்து, கிரப் ஸ்க்ரூக்களை இறுக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் கசியும். கூடினால் முகங்கள் உரசிக் காய்ந்து வெடிக்கும். எங்கள் மூத்த ஃபிட்டர் ஸ்லீவில் நீல மை தடவி, அது உலரும்வரை காத்திருந்து, ஸ்கிரைபரால் மயிரிழைபோல ஒரு கோடு இழுப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கோட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். அவர் மாட்டிய சீல் கசிந்து நான் பார்த்ததில்லை.

அவர் ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் இரவு ஷிப்டில் சீல் போனது. பணியில் இருந்த இளைஞர் நீளத்தைத் தவறான இடத்திலிருந்து அளந்துவிட்டார். ஸ்பிரிங் 3 மி.மீ. கூடுதலாக அழுந்திவிட்டது. காலையில் திறந்தபோது கார்பன் முகம் பொடிந்திருந்தது. எதிர் முகத்தில் உள் விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை நுண்ணிய வெடிப்புகள். அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு, உப்பு பிசுபிசுக்கும் கையோடு, நானாக இருந்தாலும் தவறியிருப்பேன்.

கார்ட்ரிட்ஜில் அந்த அளவைத் தொழிற்சாலையிலேயே வைத்து, செட்டிங் கிளிப்புகளால் பூட்டி அனுப்பிவிடுகிறார்கள். ஷாஃப்டில் நுழைத்து, சீலின் மூடித் தகடான கிளாண்டின் நட்டுகளை எதிரெதிராகச் சமமாக இறுக்கி, காலர் ஸ்க்ரூக்களை இறுக்கி, அதற்குப் பிறகே கிளிப்புகளை எடுக்க வேண்டும். பின்பு ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தால் போதும். வரிசை மாறினால் அளவு போய்விடும். கழற்றும்போதும் முதலில் கிளிப்புகளை மாட்டிவிட்டுத்தான் ஸ்க்ரூக்களைத் தளர்த்த வேண்டும். அதனால் கிளிப்புகளைப் பம்பின் அடித்தட்டிலேயே கம்பியால் கட்டி வைத்திருக்கிறேன். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் (ஏபிஐ) 1994இல் முதன்முதலாக வெளியிட்ட ஏபிஐ 682 தரநிலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பம்புகளுக்குக் கார்ட்ரிட்ஜ் அமைப்பைக் கேட்பதன் நியாயம் அந்த இரவுக்குப் பிறகு எனக்கு நன்றாகவே புரிந்தது.

உப்பின் தொல்லையைக் கார்ட்ரிட்ஜ் தீர்த்துவிடாது. எங்கள் உப்புநீரில் உள்ள சோடியம் சல்பேட் தண்ணீரில் மிக அதிகமாகக் கரைவது சுமார் 32 டிகிரி செல்சியஸில்; அதற்குக் கீழே குளிரக் குளிரக் கரைதிறன் வேகமாகச் சரியும். மார்கழி இரவில் பம்பை அப்படியே நிறுத்தினால் சீல் முகங்களின் ஓரத்தில் வெள்ளைப் படிகம் வளர்ந்திருக்கும். காலையில் பம்பை ஓட்டினால் அது கார்பனைக் கடித்துவிடும். எந்தச் சீல் என்றாலும் நிறுத்துமுன் நல்ல தண்ணீரால் அலசியாக வேண்டும். டயல் கேஜ் வைத்துப் பார்த்து ஷாஃப்டின் ஆட்டம் 0.05 மி.மீ.க்கு மேல் இருந்தால், சீலை மாற்றுவதற்கு முன் பேரிங்கைக் கவனிப்பது நல்லது.

சோதித்துப் பார்ப்பதில் காம்பனென்ட் சீலின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. மேசையில் பிரித்து வைத்தால் என்ன நடந்தது என்பதை அதுவே சொல்லிவிடும். தேய்ந்த தடம் அளவுக்கு மீறி அகலமாக இருந்தால் ஷாஃப்ட் ஆடியிருக்கிறது. ஓ-ரிங் விறைத்துப்போயிருந்தால் சூடேறியிருக்கிறது. கார்ட்ரிட்ஜை மூடியபடியே பழுதுபார்க்க அனுப்பிவிடுவதால் அந்தப் பாடம் கை நழுவுகிறது. பழைய முகங்களைத் திருப்பித் தரும்படி நான் ஒவ்வொரு முறையும் எழுதிக் கேட்கிறேன்.

சேற்றுப் பம்பில் கார்ட்ரிட்ஜ் போட்டு எட்டு மாதம்தான் ஆகிறது. இதுவரை கசியவில்லை, அதை வைத்துப் பரிந்துரைக்க மாட்டேன். வாங்குமுன் ஸ்டஃபிங் பாக்ஸ் முகத்துக்கும் பேரிங் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். எங்கள் பழைய பம்பு ஒன்றில் கார்ட்ரிட்ஜின் கிளாண்ட் நுழைய இடம் போதவில்லை. அந்த ஒரு பம்புக்காக நீல மைப் புட்டியும் ஸ்கிரைபரும் இன்னும் அலமாரியில் இருக்கின்றன.